பங்காளிச் சொல்

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது புளித்துப்போன வாக்கியம் ஒன்று உண்டு: “ஐ யாம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்.” இந்த வேலையில் எனக்கு ஆர்வம் அதிகம் என்று சொல்ல வந்தவர், நான் மிகவும் சுவாரசியமான ஆள் என்று சொல்லிவிடுகிறார். ‘இன்ட்ரஸ்டட்’ என்று முடிய வேண்டிய சொல் ‘இன்ட்ரஸ்டிங்’ என்று முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இதன் கூடப்பிறந்த பிழை கல்லூரி விடுதிகளில் அடிக்கடி காதில் விழும்: “ஐ யாம் போரிங்.” சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தவர், பிறருக்குச் சலிப்பூட்டும் பேர்வழி என்று தன்னையே அறிமுகம் செய்துகொள்கிறார்.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. படித்தவர்கள், வேகமாக ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். அதற்குக் காரணம் ஆங்கிலத்தில் ‘பார்ட்டிசிபிள்’ என்னும் சொல்வடிவம் இயங்கும் விதம் ஒன்று, தமிழில் எச்சம் இயங்கும் விதம் வேறொன்று என்பதே.

தமிழில் ‘படித்த’ என்ற ஒரே பெயரெச்சத்தை எடுத்துக்கொள்வோம். படித்த பையன், படித்த புத்தகம், படித்த பள்ளி, படித்த நாள்கள், படித்த படிப்பு. பையன் படித்தவன். புத்தகம் படிக்கப்பட்டது. பள்ளி படித்த இடம். நாள்கள் படித்த காலம். எச்சத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்து வரும் பெயரைப் பார்த்து உறவைக் கேட்பவர் புரிந்துகொள்கிறார். பெயரெச்சம் இப்படி நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறோடும் பொருந்தி வரும் என்று தொல்காப்பியமே வகுத்துவிட்டது. ‘எழுதிய பேனா’ என்றால் பேனாவை யாரோ எழுதிவிட்டார்கள் என்று எந்தத் தமிழரும் எண்ணமாட்டார். ஆங்கிலத்தில் ‘த ரிட்டன் பென்’ என்று சொன்னால் கேட்பவர் திகைத்துப்போவார்.

ஆங்கிலத்தில் அந்த உறவை முடிவு செய்வது சொல்லின் வால். ‘இங்’ என்று முடிந்தால் அந்தப் பெயர் செயலைச் செய்கிறது. ‘எட்’ அல்லது ‘என்’ என்று முடிந்தால் செயல் அதன்மேல் நடந்திருக்கிறது. ‘பாய்லிங் வாட்டர்’ இப்போது கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர், கை பட்டால் வெந்துவிடும். ‘பாய்ல்டு வாட்டர்’ கொதிக்கவைத்த தண்ணீர், ஆறிய பின் நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பது. ஒரு திரைப்படம் ‘போரிங்’. அதற்குள் மாட்டிக்கொண்டவர் ‘போர்டு’. தமிழ் மனம் உறவைச் சூழலிடம் விட்டுப் பழகியது. அதனால் வால் எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்துவிடுகிறது.

‘எட்’ என்றால் செயப்பாட்டு வினை என்று பள்ளி நூல்கள் சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘ஃபாலன் லீஃப்’ என்பதில் இலையை யாரும் விழவைக்கவில்லை, அது தானாக விழுந்தது. ‘ரிட்டயர்டு’ வாத்தியாரும் ‘எஸ்கேப்டு’ கைதியும் தாங்களே ஓய்வு பெற்றவர், தாங்களே தப்பியவர். அப்படியானால் சிரித்த பெண்ணை ‘லாஃப்டு கேர்ள்’ என்று சொல்லலாமா என்றால் கூடாது. விழுதல், வாடுதல், ஓய்வு பெறுதல் போன்ற வினைகளில் எழுவாய் எதையும் செய்வதில்லை, அதற்கு ஏதோ நேர்கிறது, நிலை மாறுகிறது. சிரித்தல், ஓடுதல் போன்றவற்றில் எழுவாய்தான் செயலைச் செய்கிறது. செயப்படுபொருள் குன்றிய வினைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல என்ற இந்தக் கருத்தை 1978இல் டேவிட் பெர்ல்மட்டர் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். மொழியியலில் அதன் பிறகு நடந்த விவாதம் பெரிது. வகுப்பறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பெயரிலிருந்தே இந்தச் சொல்வகையின் குணம் தெரியும். கிரேக்க இலக்கணக்காரர்கள் இதை ‘மெட்டோகே’ என்றார்கள். பங்கு கொள்வது என்று பொருள். டயோனீசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டு வகையாகப் பிரித்து, அதில் பார்ட்டிசிபிளுக்குத் தனி நாற்காலி கொடுத்தது. பெயரிடமிருந்து வேற்றுமையும் வினையிடமிருந்து காலமும் வாங்கிக்கொண்ட சொல் அது. இரண்டு வீட்டிலும் பங்குண்டு. இலத்தீனில் அதை அப்படியே ‘பார்ட்டிசிபியம்’ என்று பெயர்த்தார்கள். கி.பி. 1000ஐ ஒட்டி ஆல்ஃப்ரிக் என்ற ஆங்கிலத் துறவி மாணவர்களுக்காக இலத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே எழுதினார். அதில் இதற்கு அவர் தந்த பெயர் ‘டேல் நிமெண்ட்’, அதாவது பங்கெடுப்பது. அந்த ‘நிமெண்ட்’ என்பதே பழைய ஆங்கிலப் பார்ட்டிசிபிள் வடிவம்தான்.

தமிழில் இதற்கு நேரான சொல் வேண்டுமென்றால் ‘பங்காளி’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் உரிமை கோருகிற ஆள். அதனால் வழக்கும் ஓய்வதில்லை.

தனி நாற்காலி 18ஆம் நூற்றாண்டில் போயிற்று. அதைப் பிடுங்கியவர்களில் ஒருவர் ஜோசப் பிரிஸ்ட்லி. ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தவர் என்று அறிவியல் பாடத்தில் படிக்கும் அதே பிரிஸ்ட்லி. 1761இல் அவர் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் எட்டு என்ற கணக்கை வைத்துக்கொண்டு, பட்டியலிலிருந்து பார்ட்டிசிபிளை எடுத்துவிட்டுப் பெயரடையை அதன் இடத்தில் வைத்தார். 1795இல் வந்து கணக்கற்ற பதிப்புகள் கண்ட லிண்ட்லி மரேயின் இலக்கணமும் பார்ட்டிசிபிளை வினைக்குள் அடக்கியது. இந்திய வகுப்பறைகளை ஆண்ட ரென் அண்ட் மார்ட்டின் நூல் வரைக்கும் அந்த ஏற்பாடுதான். அந்த ரென், ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிய அதே பி.சி. ரென் என்பது பலருக்குத் தெரியாது.

‘பிரசன்ட் பார்ட்டிசிபிள்’, ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்று அந்த நூல்கள் சூட்டிய பெயர்கள் மாணவர்களை இன்றும் குழப்புகின்றன. ‘எனிஒன் அரைவிங் லேட் டுமாரோ’ என்பதில் வருகை நாளைக்கு, சொல்லோ ‘பிரசன்ட்’. ‘த கேக் வில் பி ஈட்டன்’ என்பதில் கேக் இன்னும் தட்டில் இருக்கிறது, சொல்லோ ‘பாஸ்ட்’. உண்மையில் இந்த வடிவங்களுக்குச் சொந்தக் காலம் கிடையாது. வாக்கியத்தின் வினைமுற்று எந்தக் காலத்தில் நிற்கிறதோ அதையே இவை கடனாக எடுத்துக்கொள்கின்றன. 1985இல் வந்த ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் பெரிய இலக்கணம் காலத்தின் பெயரை விட்டுவிட்டு ‘இங் பார்ட்டிசிபிள்’, ‘எட் பார்ட்டிசிபிள்’ என்று வாலைக் கொண்டே பெயரிட்டது. மாணவர்களுக்கு அதுதான் நேர்மையான பெயர்.

காலம் மட்டுமா கடன்? எழுவாயும் கடன்தான். தகராறெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

‘வாக்கிங் அலாங் த மெரினா, த லைட்ஹவுஸ் கேம் இன்டு வியூ.’ மெரினாவில் நடந்து போகையில் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டது என்பது எண்ணம். வாக்கியத்தின் முன்னால் நிற்கும் ‘வாக்கிங் அலாங் த மெரினா’ என்ற பார்ட்டிசிபிள் தொடருக்கு எழுவாய் இல்லை. அடுத்துள்ள வாக்கியத்தின் எழுவாயைத்தான் அது பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே நிற்பது கலங்கரை விளக்கம். ஆக, மெரினா மணலில் காற்று வாங்க நடந்தது கலங்கரை விளக்கம். ஆங்கிலத்தில் இதற்கு ‘டாங்கிளிங் பார்ட்டிசிபிள்’ என்று பெயர். பற்றுக்கோடில்லாமல் அந்தரத்தில் தொங்குவது. சிவப்பு மை பிடித்த ஆசிரியர்களுக்கு இதைவிடப் பிடித்த வேட்டை இல்லை.

வேட்டையில் ஷேக்ஸ்பியரும் அகப்படுவார். ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் இறந்த மன்னனின் ஆவி, தன் மரணத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லப்பட்ட கதையை மகனிடம் கூறுகிறது. தோட்டத்தில் உறங்கியது மன்னன், தீண்டியதாகச் சொல்லப்பட்டது பாம்பு. ஆவியின் வாக்கிய அமைப்பை இலக்கணப்படி பிரித்தால், உறங்கிக்கொண்டே வந்து தீண்டியது பாம்பு என்று ஆகும். நானூறு ஆண்டுகளாக எந்த ரசிகரும் அதில் தடுமாறவில்லை. சொல்கிறவர் யார், யாருக்கு என்ன நடந்தது என்பது மேடையில் கண்முன் இருக்கும்போது இலக்கணக் கண்ணி அறுந்தாலும் பொருள் அறுவதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த விதி புதிதாகத் தோன்றக் கூடாது. தொல்காப்பியத்தின் வினையியலில் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பது வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் முதல் மூன்றான செய்து, செய்யூ, செய்பு ஆகியவை தமக்குரிய வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்கிறது அந்நூல். உண்டவன் எவனோ, ‘உண்டு வந்தான்’ என்பதில் வந்தவனும் அவனே. அச்சு இயந்திரத்துக்குப் பிந்திய ஆங்கில நடைக் கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்லும் விதியின் சாரம் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகிறது.

அதைவிட வியப்பூட்டுவது தொல்காப்பியர் விதியோடு நிறுத்திக்கொள்ளாமல் விலக்கையும் கண்டுகொண்டது. ‘கால் ஒடிந்து விழுந்தான்.’ ஒடிந்தது கால், விழுந்தது ஆள். எழுவாய் இரண்டு, ஆனாலும் கால் அந்த ஆளின் உறுப்பு. சினையின் வினை முதலின் வினையோடு முடிந்தாலும் குற்றமில்லை என்று அந்த வாசலைத் திறந்துவைத்தார். அதையும் தாண்டிய ஒரு வகையை உரையாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘மழை பெய்து நெல் விளைந்தது.’ மழைக்கும் நெல்லுக்கும் முதல், சினை உறவு இல்லை. இங்கே ‘பெய்து’ என்பது ‘பெய்ய’ என்ற எச்சத்தின் பொருளில் திரிந்து நிற்கிறது என்று விளக்கம் தந்தார்கள். இப்படிச் சொல்லித் தப்பிப்பது சற்றுச் சாமர்த்தியம்தான். ஆனால் பேச்சு வழக்கு விதியை மீறும்போது பேச்சைத் திருத்தாமல் விதியை நீட்டினார்கள் என்ற அளவில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

ஆங்கிலமும் இப்படி நீட்டியிருக்கிறது, ஆனால் அரைமனத்தோடு. ‘கன்சிடரிங் ஹிஸ் ஏஜ், ஹிஸ் மெமரி இஸ் ஷார்ப்’ என்றால் கருதுவது யார்? அவருடைய நினைவாற்றலா? எவரும் கேட்பதில்லை. ‘ஜெனரலி ஸ்பீக்கிங்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் பேசுபவரைத் தேடினால் தேடுபவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடிவாளம் கழன்ற இந்தப் பார்ட்டிசிபிள்கள் நாளடைவில் வினைத்தன்மையை இழந்து இடைச்சொற்களாகிவிட்டன. ‘ரிகார்டிங்’, ‘கன்சர்னிங்’, ‘ஓயிங் டு’, ‘அக்கார்டிங் டு’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. ‘டூரிங்’ என்பதற்குள் ‘டூர்’ என்ற பழைய வினை ஒளிந்திருக்கிறது. நீடித்திருத்தல் என்று பொருள். ‘பாஸ்ட்’ என்று கடந்துபோனதைச் சொல்வது ‘பாஸ்டு’ என்பதன் தேய்வு. ‘டூ இயர்ஸ் அகோ’ என்பதில் வரும் ‘அகோ’கூட, நீங்கிப்போன என்று பொருள்பட்ட ஒரு பழைய பார்ட்டிசிபிளின் எலும்புக்கூடு. ‘பற்றி’, ‘குறித்து’, ‘நோக்கி’, ‘கொண்டு’ என்று தமிழ் வினையெச்சங்கள் உருபுகளாகித் தேய்ந்த பாதையும் இதேதான். இரண்டு மொழிக்கும் உறவு இல்லை. தேய்மானம் மட்டும் ஒரே மாதிரி.

மழை பெய்து நெல் விளைந்தது போன்ற வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் முறையான வடிவம் ஒன்றும் உண்டு. எச்சத்துக்குத் தனி எழுவாயைக் கொடுத்து, முதன்மை வாக்கியத்தோடு இலக்கண உறவு இல்லாமல் அருகில் உட்காரவைப்பது. ‘வெதர் பெர்மிட்டிங்’, ‘காட் வில்லிங்’ என்பவை அன்றாடப் பேச்சில் மிஞ்சியவை. எழுத்தில் இலத்தீன் படித்தவர்கள் இதைத் தாராளமாகக் கையாண்டார்கள். இதற்கு ‘அப்சல்யூட்’ அமைப்பு என்று பெயர். கட்டு இல்லாதது என்று கொள்ளலாம். கட்டு இல்லை என்றால் இரண்டு பாதிகளுக்கும் என்ன உறவு? காரணமா, காலமா, நிபந்தனையா? அதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். மழை பற்றிய வாக்கியத்தில் இதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அரசியல் சாசனத்தில் வந்தால்?

வந்தது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள். அதன் முற்பாதி, நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம் என்கிறது. பிற்பாதி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது என்கிறது. இரண்டையும் சேர்ப்பது எந்த இணைப்புச் சொல்லும் அல்ல. முற்பாதியின் வினை வினைமுற்றாக இல்லாமல் ‘பீயிங்’ என்ற பார்ட்டிசிபிளாக நிற்கிறது, அவ்வளவே. குடிப்படை அவசியமாய் ‘இருக்க’, மக்களின் உரிமை மீறப்படலாகாது. அந்த ‘இருக்க’ எவ்வளவு கனமானது?

வாஷிங்டன் நகரம் 1976இல் இயற்றிய ஒரு சட்டம் கைத்துப்பாக்கிகளைப் புதிதாகப் பதிவு செய்ய முடியாதபடி தடுத்தது. வீட்டில் இருக்கும் நீளத் துப்பாக்கிகளையும் குண்டு நிரப்பாமல், பாகங்களைக் கழற்றியோ விசையைப் பூட்டியோ வைக்க வேண்டியிருந்தது. வேலை நேரத்தில் துப்பாக்கி சுமந்த டிக் ஹெல்லர் என்ற காவலர், வீட்டிலும் அதை வைத்துக்கொள்ளும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு மேலே போகப் போக, ‘பீயிங்’ என்ற பார்ட்டிசிபிளும் கூடவே போனது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தத்தின் இரண்டாவது காற்புள்ளியைச் சுட்டி, முற்பாதி முன்னுரை, பிற்பாதிதான் செயற்பகுதி என்று பிரித்தது. சாசனத்தின் பழைய படிகளில் காற்புள்ளிகள் ஒரே மாதிரி இல்லை என்பது அந்த வாதத்துக்குக் கொஞ்சம் சங்கடம்.

உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தபோது டென்னிஸ் பேரன் உள்ளிட்ட ஆங்கில, மொழியியல் பேராசிரியர்கள் மூவர் நீதிமன்றத்துக்கு உதவும் நோக்கில் ஒரு மனு அளித்தார்கள். முற்பாதி ஓர் அப்சல்யூட் அமைப்பு, அது பிற்பாதிக்குக் காரணம் சொல்கிறது, ஆகவே குடிப்படையை விட்டுவிட்டு உரிமையை மட்டும் தனியே படிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். 2008 ஜூன் 26 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்காலியா, முன்னுரைப் பகுதி ஒரு நோக்கத்தை அறிவிக்கிறதே தவிர செயற்பகுதியை வரம்புக்குள் அடக்குவதில்லை என்றார். குடிப்படையில் பணி செய்கிறாரோ இல்லையோ, துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை. ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய மாற்றுத் தீர்ப்போ, குடிப்படைதான் திருத்தத்தின் பொருளே என்றது.

இந்த வழக்கில் பலரும் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. முற்பாதியை ‘ஏனெனில்’ என்று விரித்துப் படிக்கலாம் என்பதை ஸ்காலியாவும் ஏற்றுக்கொண்டார். அதாவது பேராசிரியர்களும் பெரும்பான்மை நீதிபதியும் பார்ட்டிசிபிளின் பொருளில் ஒத்துப்போனார்கள். காரணம் சொல்லப்பட்ட பின், அந்தக் காரணம் எட்டும் தூரம் வரைக்கும்தான் உரிமை எட்டுமா என்பதில்தான் பிளவு. மழை பெய்து நெல் விளைந்தது என்றால், மழை இல்லாத ஆண்டில் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த நெல்லை என்ன செய்வது? இலக்கணம் அதற்குப் பதில் சொல்லாது. ‘பீயிங்’ என்ற வடிவத்துக்குப் பதிலாக, ‘இருக்கும் வரையில்’ என்றோ ‘இருப்பதற்காக’ என்றோ பொருள் தரும் ஓர் இணைப்புச் சொல்லை 1791இல் எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கு இடமே இருந்திராது. அக்கால நடைக்கு அந்தப் பார்ட்டிசிபிள்தான் மிடுக்காகத் தோன்றியது போலும்.

பங்காளிச் சண்டைகளில் இன்னொன்று முழுக்க முழுக்க ஆங்கில வீட்டுக்குள்ளேயே நடந்தது. அதைப் புரிந்துகொள்ள ‘இங்’ எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இது ஒரே வால் அல்ல. பார்ட்டிசிபிளுக்கு ‘எண்டெ’; தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’. பாடுகிற பறவைக்கு ஒன்று, பாடுதல் என்ற செயலுக்கு வேறொன்று. இடைக்கால ஆங்கிலத்தில் ‘எண்டெ’ பல வட்டார வடிவங்களாகச் சிதறியது. வடக்கே ‘அண்ட்’ என்றும் தெற்கே ‘இண்டெ’ என்றும் ஒலித்தது, பிறகு மெல்ல மெல்லத் தொழிற்பெயரின் ‘இங்’ உடன் கலந்து அடையாளம் இழந்தது. அன்று தொலைந்த எல்லைக்கோடுதான் இன்றைய குழப்பத்தின் வேர். ‘ஸ்லீப்பிங் சைல்டு’ உறங்குகிற குழந்தை. ‘ஸ்லீப்பிங் பில்’ உறங்குகிற மாத்திரை அல்ல, உறங்குவதற்கான மாத்திரை. ‘டைனிங் டேபிள்’ உணவு உண்பதில்லை, ‘ஸ்விம்மிங் பூல்’ நீந்துவதில்லை. ‘வாஷிங் மெஷின்’ மட்டும் இரண்டு பக்கமும் ஆம் போடும்: துவைக்கிற இயந்திரம், துவைப்பதற்கான இயந்திரம்.

‘எண்டெ’ அடியோடு போய்விடவில்லை. ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லின் கடைசி ‘ண்ட்’ அதன் மிச்சம். நேசித்தல் என்ற பழைய வினையிலிருந்து பிறந்த பார்ட்டிசிபிள் அது. நேசிக்கிறவர் என்று பொருள். அதன் எதிர்வீட்டுக்காரர் ‘ஃபீண்ட்’, வெறுக்கிறவர். இதே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து உறவினரான இலத்தீன் ‘ன்ட்’ வால் தமிழ்நாட்டுத் தெருக்களில் இன்னும் தாராளமாக நடமாடுகிறது. ‘ஏஜெண்ட்’ செய்கிறவர். ‘பேஷண்ட்’ துன்பம் பொறுக்கிறவர். ‘அர்ஜெண்ட்’ நெருக்குகிற. ‘ரெஸ்டாரண்ட்’ பிரெஞ்சு வழியாக வந்த தெம்பு மீட்டுத் தருகிற இடம். ‘கரண்ட்’ ஓடுகிற, கோடை இரவில் ‘கரண்ட் போச்சு’ என்று தெருவே சலித்துக்கொள்ளும்போது, ஓடுகிறது ஓடிவிட்டது என்றுதான் சொல்கிறது. ‘டேட்டா’ இலத்தீனின் இறந்தகாலப் பார்ட்டிசிபிள், கொடுக்கப்பட்டவை. மாதக் கடைசியில் அவை தீர்ந்துபோகும்.

திரும்பவும் அந்த வீட்டுச் சண்டைக்கு வருவோம். ‘ஐ டிஸ்லைக் ஹிம் ஸ்மோக்கிங்’ என்பதா, ‘ஐ டிஸ்லைக் ஹிஸ் ஸ்மோக்கிங்’ என்பதா? பிடிக்காதது அவரையா, அவருடைய புகைபிடித்தலையா? முன்னாள் பள்ளி ஆசிரியரான ஹென்றி ஃபவ்லர் தம்பி ஃபிராங்க்குடன் 1906இல் எழுதிய ‘த கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலில் முதல் வகைக்கு ‘ஒட்டவைத்த பார்ட்டிசிபிள்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துக் கண்டித்தார். 1920களில் மீண்டும் அதைத் தாக்கினார். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் எதிர்த்து எழுந்தார். பழைய, புதிய ஆங்கில எழுத்தாளர்களிடமிருந்து எடுத்துக்காட்டுகளை அள்ளிக் குவித்து, இந்த அமைப்பு நூற்றாண்டுகளாகவே வழக்கில் இருக்கிறது என்று காட்டினார். ஆங்கிலேயர் ஆங்கிலத்துக்கு விதி போட, டேனிஷ்காரர் ஆங்கிலேயர் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று எடுத்துக்காட்டிய விநோதம் அது. இன்று பெரும்பாலான இலக்கணங்கள் இரண்டையும் ஏற்கின்றன. ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தொழிற்பெயர் ‘இங்’ வேறு, பார்ட்டிசிபிள் ‘இங்’ வேறு என்று பிரிப்பதே வீண், வினையின் ஒரே வடிவம் அது என்று இரண்டையும் சேர்த்து ‘ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்’ என்று பெயர் சூட்டியது. பாகப்பிரிவினை முடியாத வழக்கில் சொத்தை ஒன்றாகவே விட்டுவிட்ட தீர்ப்பு.

கட்டப்பட்டுக்கொண்டிருக்கிற வீட்டுக்கும் ஒரு வழக்கு நடந்தது. 18ஆம் நூற்றாண்டு வரை அதை ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே சொன்னார்கள். இன்றைய காதுக்கு வீடு எதையோ கட்டுவது போலக் கேட்கும். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘இஸ் பீயிங் பில்ட்’ என்று இரண்டு பார்ட்டிசிபிள்களை அடுக்கும் புது வழக்கம் கடிதங்களில் தலைகாட்டியது. முடிதிருத்துநர் ஒருவர் பல் பிடுங்கும் காட்சியை விவரிக்கும் ராபர்ட் சதேயின் 1795ஆம் ஆண்டுக் கடிதம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தொடக்கச் சான்று. அமெரிக்க விமரிசகர் ரிச்சர்ட் கிராண்ட் வைட் 1870இல் இதைக் கண்டிக்கத் தம் நூலில் ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். இன்று எந்த ஆசிரியரும் மாணவருக்குச் செயப்பாட்டு வினை நடத்தும்போது அந்த வாய்பாட்டைத்தான் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்.

‘எண்டெ’யும் ‘உங்’கும் ஒன்றாய்க் கலந்த கதைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பின்குறிப்பு கிடைத்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘ஸிங்கிங்’ என்பதை ‘ஸிங்கின்’ என்றும் சொல்வதுண்டு. சோம்பேறி நாக்கு என்று நீண்ட நாள் கண்டிக்கப்பட்ட பழக்கம் அது. 1958இல் ஜான் ஃபிஷர், நியூ இங்கிலாந்தில் 24 குழந்தைகளின் பேச்சைக் கேட்டு இதை எண்ணிப் பார்த்தார். சிறுமிகளைவிடச் சிறுவர்கள் ‘இன்’ அதிகம் சொன்னார்கள். ஆசிரியர் மெச்சும் ‘நல்ல பையன்’ வாயில் ‘இங்’ மிகுதி. குறும்புக்காரன் வாயில் ‘இன்’ மிகுதி. வாசித்தல், திருத்துதல் போன்ற பள்ளிக்கூட வினைகள் ‘இங்’ என்றும், மெல்லுதல், குத்துதல், நீந்துதல் போன்றவை ‘இன்’ என்றும் முடிந்தன. ஒலிப்பில் சமூகம் கலந்திருக்கிறது என்பதை எண்ணிக்கையோடு காட்டிய முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று.

1985இல் ஆன் ஹூஸ்டன் என்ற ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வில் வேறொரு கோட்டைக் கண்டார். ஆணா பெண்ணா, ஏழையா பணக்காரரா என்பதற்கு அப்பால், சொல்லின் இலக்கணமும் ஒலிப்பைத் தீர்மானிக்கிறது. வினைத்தன்மை மிகுந்த இடங்களில், அதாவது பார்ட்டிசிபிள் நிற்கும் இடங்களில், ‘இன்’ அதிகம். பெயர்த்தன்மை மிகுந்த தொழிற்பெயர் இடங்களில் ‘இங்’ அதிகம். எழுத்தில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்த எல்லை அது. தெருவில் பந்து விளையாடிக்கொண்டு ‘ஐம் கமின்’ என்று கத்தும் பையனின் நாக்கில், ‘எண்டெ’ என்ற வாலின் ‘ன்’ இன்னும் ஒலிக்கிறது.